குனிந்து பாருங்க சார்!

டொரன்டோவில் வேலை பார்க்கும் என் அக்கா பையனுக்கு, டிசம்பரிலிருந்து மார்ச் வரை எந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டாலும் ஒரே பதில்தான். “மாமா, அப்புறமா பேசறேன். கார் கழுவற எடத்துல க்யூவுல நிக்கறேன்.”

அங்கே அப்போது மைனஸ் எட்டு டிகிரி. மூக்கு இருக்கிறதா இல்லையா என்பதையே தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனுஷனே குளிக்க யோசிக்கிற குளிரில் காருக்கு என்னடா குளியல் என்று கேட்டேன்.

“மேல இல்ல மாமா, அடியில. உப்பைக் கழுவணும்.”

ரோட்டில் ஏது உப்பு? சர்க்காரே லாரி வைத்துத் தூவுகிற உப்பு. பனி இறுகிப் போனால் ரோடு கண்ணாடி. பிரேக் போட்டால் கார் நிற்காது, பரதநாட்டியம் ஆடும். அதனால் உப்பைக் கொட்டி ஐஸை இளக்குகிறார்கள். இந்த சயின்ஸ் நமக்குப் புதுசில்லை. ராத்திரி மணியடித்துக்கொண்டு வரும் குல்பி ஐஸ்காரருக்குத் தெரிந்ததுதான். பானையில் ஐஸோடு கல் உப்பைப் போடுகிறாரே, ஏன்? வெறும் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைந்துவிடும். நூற்றுக்கு 23 பங்கு உப்பு கலந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். குல்பிக்காரர் பானைக்குள் செய்வதை கனடாக்காரர் ரோட்டில் செய்கிறார். வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன்! இதற்கென்றே ஒன்டாரியோ மாநிலத்தில், ஹியூரான் ஏரிக்கு அடியில் ஒரு சுரங்கம். நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது. 1866-ல் அந்த ஊரில் எண்ணெய் கிடைக்குமா என்று தோண்டினார்கள். உப்பு வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அதில்தான் சாப்பிடுகிறார்கள்.

ரோடு தப்பிக்கிறது. கார் மாட்டிக்கொள்கிறது. டயர் வாரியடிக்கிற உப்புச் சேறு அடிப்பக்கம் முழுக்க அப்பிக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். நடுவில் உப்பு புகுந்தால், அரிக்கிற மின்சாரம் ஓடுவதற்குச் சுலபமான வழி கிடைத்துவிடும். ஒரு வருஷ வேலை ஒரு மாசத்தில் முடியும். போதாததற்கு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிகிறதே, அதே சமாசாரம். வண்டி காய்ந்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அடியில் ஈரம் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. கடுங்குளிரில் துரு மெள்ளத்தான் நகரும். காருக்குக் குளிருமே என்று பாசத்தோடு வெதுவெதுப்பான ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் அது சுறுசுறுப்பாகிறது. செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்பது இதுதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள். கார் நினைக்கும். உள்ளே ஒன்றும் இல்லாமல் போகிற வரைக்கும் நினைக்கும்.

★

“அதெல்லாம் கனடா கதை சார். கள்ளக்குறிச்சியில பனியா பெய்யுது?” என்று கேட்பீர்கள். மார்கழியில் தலைக்கு மப்ளர் கட்டினால் அதுதான் நம் ஊர் பனிக்காலம். நியாயம்.

ஆனால் அந்த உப்பின் பங்காளி நம் ஊருக்குக் கப்பலேறி வருகிறான். பெயர் பொட்டாஷ். சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு. பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. தலையெழுத்துதான் வேறே, இனிஷியல் ஒன்று. இரும்பைத் தின்பது அந்தக் குளோரைடு. நம் நாட்டுக்குப் பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதில் கனடாவுக்கும் நல்ல பங்கு உண்டு. நம் வட்டாரத்தில் இதற்குக் கிராக்கி ஜாஸ்தி. ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் மரவள்ளி. இரண்டும் பொட்டாஷை விரும்பிச் சாப்பிடுகிற பயிர்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடுகிற ஊரில் உர மூட்டைக்குக் கேட்கவா வேண்டும்? சொசைட்டியிலிருந்து நாலு மூட்டையை டிக்கியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிற எத்தனை காரை நீங்கள் பார்த்ததில்லை! மூட்டை இறங்கிவிடும். சிந்தின ஒரு கைப்பிடி, மிதியடிக்குக் கீழே, ஸ்டெப்னி குழியில் உட்கார்ந்து முதல் மழைக்குக் காத்திருக்கும்.

இரண்டாவது ஆசாமி, செம்மண். லீவு கிடைத்தால் நம் இளைஞர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்படியே மலையேறி கரியாலூர், வெள்ளிமலை. மேகம் அருவியில் ஒரு குளியல், பெரியார் அருவியில் ஒரு செல்ஃபி. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. மழை நாளில் உள்கிராமத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினீர்களோ, அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் பூச்சு. செம்மண்ணில் உப்பு இல்லையே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அது ஈரச்சாக்கு மாதிரி. வீல் மேலே உள்ள மடிப்பில் ஒரு உருண்டை ஒட்டினால், மேலே காய்ந்து உள்ளே பல நாள் ஈரமாகவே இருக்கும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அதையும் அடைத்துவிடும். அப்புறம் மழைத் தண்ணீர் உள்ளேயே குடித்தனம்தான்.

மூன்றாவது ஆசாமிதான் ரொம்பத் தமாஷ். போர் தண்ணீர்! குடித்தால் உப்பு, சோப்பு போட்டால் நுரை வராது. அந்தத் தண்ணீரில்தான் வண்டியைப் பளபளவென்று கழுவுகிறோம். காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி பூக்கிறதே, அடியிலும் அதேதான் பூக்கும். அங்கே துடைக்க ஆள் கிடையாது.

★

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. ஆபீஸ்கள் வந்தன, ஆபீஸர்கள் வந்தார்கள், கூடவே செகண்ட் ஹேண்ட் கார் ஆசையும் வந்தது. என் ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்கும் வந்தது. பெண்ணுக்குக் காது குத்துவதற்குள் கார் வாங்கியே தீருவது என்று கங்கணம்.

வெள்ளைக் கார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பாலிஷ். புரோக்கர் சொன்ன வசனம் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். “ஒரே ஓனர் சார். டாக்டர் வண்டி.” தமிழ்நாட்டில் விற்கிற பழைய கார்களைக் கணக்குப் போட்டால், நோயாளிகளை விட டாக்டர்கள் அதிகம் இருக்க வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். அவரிடம் காட்டினோம். பானெட்டைத் திறக்கவே இல்லை. “தம்பி, பள்ளத்து மேல ஏத்துங்க” என்றார். கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர். கீழே இறங்கி டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போனார். டணார், டணார், டணார்... திடீரென்று ‘சொத்’. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

“இது டாக்டர் வண்டிதான் தம்பி. ஆனா டாக்டர் கடற்கரையோரமா வீடு கட்டியிருக்காரு.”

புரோக்கர் அசரவில்லை. “அதெல்லாம் அடியில சார். யார் குனிஞ்சு பார்க்கப் போறாங்க?”

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. நண்பரை மட்டும் கீழே கூப்பிட்டு, டார்ச்சை ஒரு இடத்தில் அடித்துக் காட்டினார். ஒல்லியாக ஒரு குழாய். ஐந்து மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. மேலெல்லாம் செதில் செதிலாகத் துரு. “இது பிரேக் பைப்பு. நீங்க பெடலை மிதிச்சா இதுக்குள்ளாறதான் ஆயில் போயி வீலைப் பிடிக்குது. ஓட்டை உழுந்துதுன்னா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். ரெண்டு லைன் இருக்குது, ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கும். ஆனா பாதிதான் பிடிக்கும். ஊருக்குள்ள அது போதும். வெள்ளிமலையிலேர்ந்து குடும்பத்தோட எறங்கறப்ப, வளைவுல எதிர்ல பஸ்ஸு வந்தா...”

முடிக்கவில்லை. நண்பர் அட்வான்ஸ் கவரைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். காதுகுத்துக்கு ஆட்டோவில்தான் போனார்கள். சௌக்கியமாகத் திரும்பினார்கள்.

பெரியவர் பயமுறுத்தவில்லை. அமெரிக்காவில் உப்பு ரோடுகளில் ஓடிய பழைய வண்டிகளின் பிரேக் பைப் துருப்பிடித்துப் பிய்த்துக்கொள்கிறது என்று புகார் வந்து, அரசாங்கமே வருஷக்கணக்கில் விசாரித்தது. 2015 ஏப்ரலில் விசாரணையை முடித்துவிட்டு அவர்கள் ஜனங்களுக்குச் சொன்ன முக்கியமான புத்திமதி: குளிர்காலம் முழுக்க வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்!

நம் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பச் செட்டியார் அள்ளிக் கொடுத்து, 1953-ல் திறந்தார்களே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்கே துருவுக்கென்றே வாழ்நாளைக் கொடுத்த விஞ்ஞானிகள் உண்டு. மண்டபத்தில் கடற்காற்றில் இரும்பை வைத்து அது எப்படிக் கரைகிறது என்று பார்ப்பதே அவர்களுக்கு வேலை. பக்கத்திலேயே பாம்பன் பாலம். 1914-ல் கட்டிய பழைய பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது என்றால் காரணம், யாராவது ஒருத்தர் விடாமல் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததுதான். இரும்பு ஆயுள் கேட்கவில்லை. ஆள் கேட்கிறது.

★

சரி, என்ன செய்ய வேண்டும்? பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டதைச் சொல்கிறேன்.

மலைக்குப் போய் வந்தாலோ, கடற்கரைக்குப் போய் வந்தாலோ, உரம் ஏற்றினாலோ, ஒன்றிரண்டு நாளைக்குள் வாட்டர் சர்வீஸ். “பாடி மட்டுமா சார், ஃபுல்லா?” என்று பையன் கேட்பான். நூறு, நூற்றைம்பதுக்குக் கணக்குப் பார்த்து “பாடி மட்டும்” என்று சொல்லாதீர்கள். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு காலைக் கழுவாமல் படுக்கிற கதை அது.

எஞ்சின் சூடு ஆறட்டும். எடுத்த எடுப்பில் துப்பாக்கி மாதிரி பீச்ச வேண்டாம். முதலில் மண் ஊறட்டும், பத்து நிமிஷம். அப்புறம் வீல் மடிப்புக்குள் உள்ளிருந்து வெளியே அடிக்கச் சொல்லுங்கள். ரப்பர் உறை, வயர் கனெக்டர் பக்கம் ஓங்கி அடிக்கக் கூடாது. கதவுக்கடி ஓட்டைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். போர் தண்ணீர் உப்பென்றால் கடைசி அலம்பலாவது நல்ல தண்ணீரில். முடிந்ததும் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, லேசாக நாலைந்து தடவை பிரேக் போட்டு, வெயிலில் நிறுத்துங்கள்.

“டீசல் ஸ்ப்ரே பண்ணிடட்டுமா? பளிச்சுனு இருக்கும்” என்பான். வேண்டாம். பளிச்சென்று இருக்கும், ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப்போகும், வழியில் உள்ள புழுதியெல்லாம் ஒட்டும். கோட்டிங் அடிப்பதானால் துருவைச் சுரண்டி, நன்றாகக் காய்ந்த பிறகு. துருவுக்கு மேலேயே அடித்தால், புண்ணை மூடித் தைத்த மாதிரி.

பைக் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். டேங்க்கை மட்டும் துடைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போகாதீர்கள். மட்கார்டின் உள்பக்கம், சைலன்சர் வளைவு, ஸ்டாண்ட், செயின் நாலும் பாக்கி இருக்கின்றன.

முக்கியமான விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். துரு பார்க்கப் போனவர் போட்டோவில் மாலையோடு இருக்கக் கூடாது. பள்ளமோ ராம்ப்போ இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

மலையில் மரவள்ளி மூட்டையும் அதற்கு மேல் ஆட்களுமாக இறங்குகிற பிக்கப் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒல்லிக் குழாய்தான் ஞாபகம் வருகிறது. கண்ணாடியில் சாமி பெயர், முன்னால் எல்.ஈ.டி. விளக்கு, பின்னால் ஹீரோ படம். எல்லாம் மேலே. அத்தனை உயிரையும் பிடித்து நிறுத்துவது அடியில், யாரும் பார்க்காத இடத்தில், சேற்றோடு சேறாகக் கிடக்கிறது.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம் இல்லையா? குனிந்ததுதான் குனிந்தோம், தலையை இன்னும் ஒரு சாண் உள்ளே நீட்டி ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். சாமியும் சந்தோஷப்படும், பிரேக்கும் பிடிக்கும்.