இனப்பெயரும் மருத்துவரின் கையொப்பமும்

குறிப்பிட்ட சில நாயினங்களை ஓர் ஊரின் எல்லைக்குள் வளர்ப்பதையும் விற்பதையும் இனப்பெருக்கம் செய்வதையும் தடுக்கும் சட்டங்கள், ஒரு நாய் யாரையேனும் கடித்ததா என்று பாராமல் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை மட்டுமே பார்த்து முடிவெடுப்பதால், இனவழித் தடைச் சட்டங்கள் எனப்படுகின்றன. இவற்றுள் பல உள்ளாட்சி மன்றங்களில் பிறந்தவை. ஒரு குழந்தையோ முதியவரோ கொடூரமாகக் கடிபட்ட செய்தி பரவி, மக்களின் சினமும் அச்சமும் ஆறாதிருக்கும்போதே தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. அதற்கு முன் கால்நடை மருத்துவரின் கருத்து கேட்கப்படுவது அரிது. நிறைவேறிய பின்னரோ, பிடித்து வரப்பட்ட நாய் பட்டியலில் உள்ள இனந்தானா என்று எழுதிக் கையொப்பமிடும் பொறுப்பு அவரிடமே வந்து சேர்கிறது. அந்தக் கையொப்பத்தின் பின்னால் நிற்கும் அறிவு எவ்வளவு உறுதியானது என்பதைத் தொழில்சார்ந்தோர் ஆராய வேண்டிய காலம் இது.

ஆராய்வதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வர் மிகப் பொருத்தமான ஊர். அங்கு இத்தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவி, நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றம், மாநகர மன்றம், மேயர், வாக்காளர் என ஒவ்வொருவர் கைக்கும் சென்றது. 1986-இல் ஒரு சிறுவன் பிட்புல் வகை நாயால் கொல்லப்பட்டதையும், 1989-இல் மதபோதகர் ஒருவர் படுகாயமடைந்ததையும் அடுத்து, அவ்வாண்டே மன்றம் தடையை இயற்றியது. பிட்புல் என்பது ஒரே இனத்தின் பெயரன்று. அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் ஆகிய மூன்றையும், அவற்றின் உடற்கூறுகளில் பெரும்பான்மையைக் காட்டும் வேறெந்த நாயையும் அச்சட்டம் அப்பெயருக்குள் அடக்கியது. பதிவுச் சான்றிதழுள்ள தூய இன நாய்களைவிட, தந்தை தாய் அறியப்படாத கலப்பு நாய்களே இந்தப் பெரும்பான்மைக் கூறு என்ற விதியில் மிகுதியாகச் சிக்கக்கூடியவை என்பது சொல்லாமலே விளங்கும்.

நாய் வளர்ப்போர் சங்கம் தொடுத்த வழக்கில் 1991-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் தொழில்சார்ந்தோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு நாய் பிட்புல்தான் என்று மெய்ப்பிக்க அறிவியல் வகையிலான துல்லியச் சான்று தேவையில்லை, உடலமைப்பைப் பார்த்துக் கூறப்படும் கருத்தே போதும் என்றது நீதிமன்றம். கால்நடை மருத்துவர்களும் வளர்ப்போரும் அவ்வாறுதானே இனத்தைக் கூறுகிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணமாயிற்று. மருத்துவமனைப் பதிவேட்டில் இனம் என்ற கட்டத்தை ஒரு பார்வையில் நிரப்பிவிட்டு மறந்துபோகும் அன்றாட வழக்கம், இவ்வாறு ஒரு சட்டத்தின் தாங்குதூணாக மாறியது. மற்றொன்று, கடியின் எண்ணிக்கைக்கும் கடியின் கடுமைக்கும் இடையே வகுக்கப்பட்ட வேறுபாடு. பிட்புல் நாய்கள் பிற நாய்களைவிட அடிக்கடி கடிக்கின்றன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், ஆனால் அவை தாக்கும்போது காயம் கடுமையாகவும் உயிர்க்கேடாகவும் அமைவதற்குச் சான்று உண்டு என்றும் விசாரணை நீதிமன்றம் கண்டது.

இந்த இரண்டாவது கண்டறிதலைத் தடையை எதிர்க்கும் தொழிலமைப்புகள் போதிய நேர்மையுடன் எதிர்கொண்டதில்லை. நாயின் குணம் வளர்ப்பைப் பொறுத்ததே, இனத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்ற வாதம் விலங்குநேயக் கூட்டங்களில் கைதட்டல் பெறலாம். மரபியல் படித்தவர் அதை முழுதாக ஏற்க இயலாது. மேய்ச்சலுக்கும் மோப்பத்திற்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நாய்களை உருவாக்கியதாகக் கூறிவிட்டு, சண்டைக்கும் காவலுக்கும் செய்த தேர்வு மட்டும் எந்தத் தடயமும் விடவில்லை என்று கூறுவது முரண். நாற்பது கிலோ எடையும் அகன்ற தாடையும் கொண்ட நாயின் ஒரு கடியும், ஆறு கிலோ பொமரேனியனின் பத்துக் கடிகளும் அறுவைச் சிகிச்சை அரங்கில் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. எனினும் மரபியல் தரும் விடை சட்டம் விரும்பும் அளவுக்கு எளிதன்று. 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, பதினெட்டாயிரத்திற்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த விவரங்களையும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொடர்களையும் ஒப்பிட்டு, தனி நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தால் விளக்க முடியும் என்று காட்டியது. எளிதில் சீண்டப்படும் தன்மை, இனத்தைக் கொண்டு மிகக் குறைவாகவே முன்னறியக்கூடிய பண்புகளுள் ஒன்றாக இருந்தது.

இனத்திற்கு ஓரளவு பங்கு உண்டென்று கொண்டாலும், கண்ணால் பார்த்து இனத்தைக் கூற முடியுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நான்கு காப்பகங்களைச் சேர்ந்த 120 நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், காப்பகப் பணியாளர்கள் 62 நாய்களைப் பிட்புல் வகை என்றனர். மரபணுச் சோதனையோ 25 நாய்களில் மட்டுமே அவ்வகை மரபைக் கண்டது. அப்பணியாளர்களுள் கால்நடை மருத்துவர்களும் இருந்தனர் என்பதை இங்கே மறைப்பது முறையன்று. ஒரே நாயைப் பார்த்தவர்கள் தமக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. கலப்பு நாயின் தலை வடிவமும் மயிரின் நீளமும் நிறமும் சில மரபணுக்களாலேயே பெரிதும் முடிவாவதால், தோற்றம் ஒரு கொள்ளுப்பாட்டனை மட்டும் காட்டி மற்ற ஏழு முன்னோரை மறைத்துவிடக்கூடும்.

பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டு அபாயகர நாய்கள் சட்டம் இச்சிக்கலைத் தாண்ட, இனம் என்னாமல் வகை என்றது. நாய் அவ்வகையன்று என்று மெய்ப்பிக்கும் சுமையையும் உரிமையாளர்மீதே ஏற்றியது. அச்சட்டத்தின் தடைப்பட்டியலில் பின்னர் எக்ஸ்எல் புல்லி என்ற நாய்வகை சேர்க்கப்பட்டபோது, ஆண் நாயின் தோளுயரம் 51 செ.மீ., பெண் நாயின் தோளுயரம் 48 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்பது அடையாளங்களுள் ஒன்றாக்கப்பட்டது. 2024 பிப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்று இல்லாமல் இந்நாயை வைத்திருப்பது குற்றம். அளவுநாடா ஒருவகைத் தெளிவைத் தருகிறது என்பது உண்மையே. ஆனால் கடித்தறியாத நாயையும் கருணைக்கொலை செய்ய வேண்டிய பணி, நோயைக் குணப்படுத்தப் பயின்ற மருத்துவர்களின் தலையில் விழுந்தது.

மனித உயிர் பறித்த கடிகளை ஆராய்ந்த முயற்சிகளில், 2013-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு ஒவ்வொரு மருத்துவரும் வாசிக்க வேண்டியது. 2000 முதல் 2009 வரையிலான 256 மரணங்களைக் காவல்துறை, பிணக்கூறாய்வு ஆவணங்கள்வரை தேடிச் சென்று அது பகுத்தது. இனத்தை நம்பத்தக்க வகையில் உறுதிசெய்ய முடிந்தவை 45 மட்டுமே. தடுத்து நிறுத்த வல்லவர் எவரும் அருகில் இல்லாமை, நாய்க்கு முன்பின் பழக்கமில்லாதவர் கடிபடுதல், நாய் கருத்தடை செய்யப்படாதிருத்தல், குழந்தையோ நலிந்தவரோ இரையாதல், வீட்டு மனிதரோடு பழகவிடாமல் கட்டியோ அடைத்தோ வைத்திருத்தல் போன்ற காரணிகளில் நான்கோ அதற்கு மேலோ ஐந்தில் நான்கு மரணங்களில் ஒன்றுசேர்ந்திருந்தன. இக்காரணிகளில் எதுவும் விதியின் செயலன்று. ஒவ்வொன்றும் ஒரு மருத்துவர் தடுப்பூசி போட வரும் நாயைப் பார்க்கும்போதே கேட்டறியக்கூடியது.

தடைகள் பயன் தந்தனவா என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. ஸ்பெயினின் அரகோன் பகுதியிலும் டென்மார்க்கின் ஓடென்ஸ நகரிலும் கடிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நெதர்லாந்து 1993-இல் கொணர்ந்த தடையை 2008-இல் கைவிட்டது. கனடாவின் மானிடோபா மாகாணத்திலோ மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததாக ஓர் ஆய்வு கூறுகிறது.

டென்வரின் பிற்பகுதி வரலாறு அரசியலின் இயல்பை நன்கு காட்டுகிறது. இனவழித் தடைகள் கூடாதென்று 2004-இல் மாநிலச் சட்டம் வந்தபோது, தன்னாட்சி உரிமையைக் காட்டி வழக்காடி வென்ற நகரம் மறு ஆண்டே நடவடிக்கையைத் தொடர்ந்தது. 2020 பிப்ரவரியில் மன்ற உறுப்பினர் கிறிஸ் ஹெர்ண்டன் கொணர்ந்த நீக்கத் தீர்மானம் 7-க்கு 4 என நிறைவேற, மேயர் மைக்கேல் ஹான்காக் தம் பதவிக்காலத்தின் முதல் மறுப்பாணையை அதன்மீது பயன்படுத்தினார். அதை முறியடிக்க ஒன்பது வாக்குகள் வேண்டியிருக்க, எட்டே கிடைத்தன. அவர் கூறிய காரணங்களுள் ஒன்று, நகரின் செல்லப்பிராணிகளில் 20 விழுக்காட்டிற்கும் குறைவானவற்றுக்கே உரிமம் உண்டு என்பது. தடையை நிலைநிறுத்தச் சொல்லப்பட்ட இக்காரணமே தடையின் மிகப் பெரிய குறையையும் காட்டிக்கொடுத்தது; முப்பது ஆண்டுகள் ஒரு வகை நாயைத் தேடித் திரிந்த நகரம், மற்ற நாய்கள் யாரிடம் இருக்கின்றன என்பதையே அறிந்திருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தடையை நீக்க ஒப்பினர். 2021 முதல் மைக்ரோசிப், தடுப்பூசி, கருத்தடை, அவசரத் தொடர்புக்கு இருவர் பெயர் ஆகிய நிபந்தனைகளோடு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் குற்றமின்றிக் கழிந்தால் அந்நாய் மற்ற நாய்களைப் போலவே நடத்தப்படும் என்றாயிற்று. இனத்தில் தொடங்கித் தனி நாயின் நடத்தையில் முடியும் இவ்வேற்பாடு முழுமையானதன்று என்றாலும் தடையைவிட அறிவுடையது.

இந்தியாவில் 2024 மார்ச் 12 அன்று ஒன்றியக் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம், 23 இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் உரிமம் வழங்கக் கூடாது, இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. உரியவர்களைக் கலந்தறியாமல் பிறப்பிக்கப்பட்டது என்ற அடிப்படையில் அதைக் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் ஏப்ரலில் நீக்கின. மே மாதத் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரு ராட்வீலர்கள் கடித்துக் குதறியதும், தமிழ்நாட்டில் அதே பட்டியல் ஆணையாக வெளிவந்து விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. அப்பட்டியலில், தனி இனமே அல்லாமல் பல கலப்புகளுக்குப் பொதுப்பெயரான பான்டாக் என்பதும் இருந்தது. காவலுக்கென வளர்க்கப்பட்டது என்பதே அளவுகோலானால் நம் கோம்பை நாயும் ஒருநாள் பட்டியலில் ஏறக்கூடும் என்பதைப் நாட்டு நாயைப் பெருமையோடு வளர்ப்போர் எண்ணிப் பார்க்கலாம். இந்நாட்டில் கடிகளின் பெருஞ்சுமை தெருநாய்களிடமிருந்தும் அவற்றோடு வரும் ரேபிஸ் நோயிலிருந்தும் வருகிறது. எந்த இனப்பட்டியலும் அதைத் தொடுவதில்லை.

கவனமின்றி விலங்கை வைத்திருந்து பிறருக்கு ஆபத்து விளைவிப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஏற்கெனவே குற்றமாக்கி, ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை வகுத்துள்ளது. அப்பிரிவு பயன்படாமல் போவதற்கு இந்த நாய் முன்பும் கடித்தது என்று காட்டும் பதிவு எங்கும் இல்லாமையும் ஒரு காரணம். ஆகவே உள்ளாட்சிகள் கேட்கும்போது, தோற்றத்தை மட்டும் வைத்து இனச்சான்று எழுத மறுத்து, சான்று கட்டாயமெனில் மரபணுச் சோதனை இல்லை என்பதை அதிலேயே குறிப்பிடுமாறும், பதிவேட்டில் இனத்திற்கு எதிரே தோற்றத்தால் கணிக்கப்பட்டது என்று எழுதுமாறும், கடித்த நாய் ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசிப் எண், கருத்தடை நிலை, கட்டிவைக்கப்பட்ட முறை, முந்தைய கடிகள் ஆகிய நான்கையும் குறித்து மாநகராட்சியின் கால்நடை அலுவலருக்கு அனுப்புமாறும் மருத்துவர்களை இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.