அண்ணாந்து பார்க்காமல் ஃபார்வர்டு செய்யாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், பிறகு திட்ட வேண்டுமானாலும் திட்டுங்கள்.

சாயங்கால வானத்தில் கொஞ்சம் வித்தியாசமாக ஒரு மேகம் வந்தால் போதும். அரை மணி நேரத்தில் நம் காட்பாடி வாட்ஸ்அப் குழுக்களில் அதற்கு ஒரு கதை வந்துவிடுகிறது. கோடு போல நீளமாக இருந்தால் விமானத்தில் மருந்து தெளிக்கிறார்கள். பல நிறத்தில் மின்னினால் சாமி காட்சி. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் வேற்றுக்கிரகத்துக்காரர்கள். எதுவும் பொருந்தவில்லையா? "நாசா எச்சரிக்கை" என்று தலைப்புப் போட்டால் முடிந்தது.

என்னிடம் படித்த ஒருவர், இன்று ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், இப்படி ஒரு படத்தை அனுப்பி, "சார், இது கெமிக்கல் மேகமாமே?" என்று கேட்டார். "எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது? எத்தனை மணிக்கு?" என்றேன். "தெரியல சார், ஃபார்வர்டா வந்தது." தலைக்கு மேலே இருக்கிற வானத்தைக்கூட அடுத்தவர் போனில்தான் பார்ப்பேன் என்று ஒரு ஊரே முடிவு செய்துவிட்டால், வாத்தியாருக்குக் கோபம் வராதா?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அந்த நீளக் கோடு விமானத்தின் மூச்சு. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்குப் பக்கம். எஞ்சினில் இருந்து வரும் நீராவி அங்கே உடனே பனித்துகளாக உறைகிறது. காற்று காய்ந்திருந்தால் கோடு சீக்கிரம் மறையும், ஈரமாக இருந்தால் அகன்று நெடுநேரம் நிற்கும். மேகத்தில் விழும் வட்ட ஓட்டையும் பெரும்பாலும் விமானத்தின் வேலைதான். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகள், விமானம் ஊடுருவியதும் உறைந்து கீழே விழுகின்றன. அந்த இடம் காலியாகிறது.

இன்னொன்று, ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்குள். சூரியன் மறைந்து நமக்கு இருட்டிய பிறகும் மிக உயரத்தில் வெயில் இருக்கும். ராக்கெட் விட்டுப்போன புகை அங்கே பளபளக்கும். ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறு வேறு திசையில் இழுப்பதால் முறுக்கிக்கொள்ளும். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் மக்கள் வானத்தில் விசித்திர ஒளியைப் பார்த்துப் பறக்கும் தட்டு என்று பரப்பினார்கள். அது அக்னி-5 ஏவுகணைச் சோதனை. 2024 பிப்ரவரி 17 மாலை 5.35-க்கு இங்கே பக்கத்தில் கிளம்பிய ஜிஎஸ்எல்வி சுமந்து போனது இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோளை. மேகத்தைப் படம் எடுக்கப் போகிற ராக்கெட்டின் புகையைப் பார்த்து நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வதா?

"பயந்தா என்ன சார் தப்பு? ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே" என்று சிலர் கேட்பார்கள். தப்பு இருக்கிறது. பயத்தை வீணான இடத்தில் செலவழிக்கிறோம். கெமிக்கலுக்குப் பயப்பட வேண்டிய ஊர்தான் இது. ஆனால் அது வானத்தில் இல்லை, பாலாற்றங்கரை நிலத்தடி நீரில் இருக்கிறது. தோல் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியும், கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு ஃபார்வர்டு வருவதில்லை. விமானக் கோட்டைப் பற்றி நூறு வருகிறது.

இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உண்மையிலேயே உயிரை எடுக்கும் மேகம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பயமுறுத்துவதில்லை. கார்திரள் மேகம். ஏப்ரல், மே கோடை மழையிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளிலும் பெரும்பாலும் மேற்கே இருந்து எழும்பி வரும். அடியில் கறுப்பு, உடம்பு காலிஃபிளவர் மாதிரி, உச்சி மட்டும் கொல்லன் பட்டறை அடைகல் போலத் தட்டையாக விரிந்திருக்கும்.

"சாமி காட்சி" என்று பகிர்கிறீர்களே, அந்தப் பல நிற மேகம் பல நேரம் எங்கே இருக்கும் தெரியுமா? இதன் தலையில். வேகமாக வளரும் மேகம் மேலே உள்ள ஈரக் காற்றைத் தள்ளும்போது, உச்சியில் தொப்பி போல ஒரு மெல்லிய மேகம் உருவாகும். அதன் நுண்ணிய துளிகளில் மாலைச் சூரியனின் ஒளி சிதறி நிறங்கள் பிரிகின்றன. பார்க்க அழகுதான், நானும் ரசிப்பேன். ஆனால் அதன் பொருள், "அடியில் இருக்கும் மேகம் வேகமாக வளர்கிறது" என்பது. உள்ளே போக வேண்டிய நேரத்தில் மொட்டை மாடிக்கு ஏறிக் கும்பிடுகிறோம்.

தேசியக் குற்றப் பதிவுப் பணியகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். நம் பக்கம் ஷூ கம்பெனிப் பெண்கள் வேனில் இருந்து இறங்கி வரப்பு வழியாக வீட்டுக்கு நடப்பதும், பிள்ளைகள் கிரவுண்டில் கிரிக்கெட் ஆடுவதும், மாட்டை ஓட்டி வருவதும் இதே மாலை நேரத்தில்தான். தூறல் போட்டதும் புளிய மரத்தடியில் ஒதுங்குகிறோம். அதைவிட ஆபத்தான இடம் இல்லை.

பெரியவர்கள் வானம் பார்த்துச் சொன்னதை நான் குறை சொல்லவில்லை. "அகல வட்டம் பகல் மழை" என்றார்கள். நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால், உயரத்தில் பனித்துகள் மேகம் பரவியிருக்கிறது என்று பொருள். எப்போதும் பலிக்காது, ஆனால் பல தலைமுறை அண்ணாந்து பார்த்துச் சேர்த்த அறிவு அது. ஃபார்வர்டு, பார்க்காமலே கிடைத்த அறிவு.

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அப்போது சென்னை கிறித்தவக் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைக் கருவியை எடுத்து அந்தச் சூரியனை ஆராய்ந்து எழுதி வைத்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். இன்று ஒவ்வொருவர் கையிலும் கேமரா. என்ன எழுதி வைக்கிறோம்?

பள்ளிக்கூடத்தையும் விட மாட்டேன். கீற்று, படை, திரள், கார் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், இரண்டு மார்க் வாங்குகிறார்கள். வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போய் "இது என்ன மேகம்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் மேக அட்லஸில் 2017-ல் "ஆஸ்பெரிடாஸ்" என்ற புதுப் பெயர் சேர்ந்ததற்குக் காரணம், சாதாரண மனிதர்கள் எடுத்து அனுப்பிய படங்கள். நம் பிள்ளைகளால் முடியாதா? மேகம் பார்க்க லேப் வேண்டாம், ஃபண்டு வேண்டாம்.

அதனால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். விசித்திர மேகத்தைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் திசை? எத்தனை மணி? பத்து நிமிடத்தில் எப்படி மாறியது? பதில் இருந்தால் படத்தோடு எழுதிப் பகிருங்கள். இல்லையென்றால் விரலை அடக்குங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். புணே வானிலை ஆய்வு நிறுவனத்தின் "தாமினி" செயலி பக்கத்தில் விழும் மின்னலுக்கு எச்சரிக்கை தரும். அதைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்டு செய்தே ஆக வேண்டும் என்றால், இந்தக் கடைசிப் பத்தியைச் செய்யுங்கள். மாலை வேன் ஏறும் பெண்களின் குழுவுக்கு முதலில் போகட்டும்.