காக்கைவன்னியனின் வயது

சென்ற தவணையில் நம் வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டான். “சேர், காக்கைவன்னியன் எத்தனை வருடம் உயிரோடு இருந்தான்?”

வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்துவிட்டோம். பையனோ சிரிக்கவில்லை. அவன் கணக்குப் பார்த்துவிட்டே கேட்டிருக்கிறான். யாழ்ப்பாணத்து இறுதி மன்னன் சங்கிலியைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன் காக்கைவன்னியன் என்கிறது பழைய கதை. சங்கிலி பிடிபட்டது 1619இல். வன்னியின் பண்டாரவன்னியனை ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுத்தவனும் காக்கைவன்னியனே என்கிறது நம்மூர்க் கதை. அந்தப் போர் நடந்தது 1803இல். இடையில் 184 ஆண்டுகள் கிடக்கின்றன. ஒரே மனிதன் இரண்டு துரோகங்களையும் செய்திருக்க வேண்டுமாயின் அவன் சிரஞ்சீவியாகத்தான் இருந்திருத்தல் வேண்டும்.

பையனுக்கு இக்கணக்கில் ஏன் இவ்வளவு அக்கறை என்பது மணி அடித்த பின்னரே தெரியவந்தது. கலைவிழா நாடகத்தில் அவனுக்குக் கிடைத்தது காக்கைவன்னியன் வேடம். நன்றாகவே நடித்தான், அதுதான் வினையாயிற்று. அன்றுமுதல் அவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வகுப்பிலும் ‘காக்கை’, மைதானத்திலும் ‘காக்கை’, தம்பியைக் கூப்பிடுகிறவர்கள்கூட ‘காக்கையின் தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இந்தச் சொல் நம்மவரிடையே காட்டிக்கொடுப்பவனுக்கு வழங்கும் வசைச்சொல் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பையன் கேட்டது வேடிக்கைக் கேள்வி அன்று. அதற்குரிய மறுமொழியை அவனுக்குக் கூறியவாறே இங்கும் கூறுகின்றோம்.

வன்னியன் என்பது ஒரு வீட்டின் பெயரன்று. அது ஒரு பதவியின் பெயர். பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, முள்ளியவளை, மேல்பற்று என்று பற்றுப் பற்றாகப் பிரிந்துகிடந்த அக்கால வன்னியில், பற்றை ஆண்ட தலைவன் வன்னியன் அல்லது வன்னியனார். ஆட்சி பெண்ணின் கைக்கு வந்தபோது அவள் வன்னிச்சி. யாழ்ப்பாண அரசு வலுத்திருந்தபோது அதற்குத் திறை கொடுத்தனர். பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தனர். கொடுக்காமல் காலங்கடத்தியும் வந்தனர். பின்னதில் வல்லவன் பனங்காமத்துக் கயிலைவன்னியன். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தபோதெல்லாம் போகாமலே இருந்து 1678இல் இறந்துபோனான். இந்தக் கயிலைவன்னியன் பெயரே பண்டாரவன்னியன் கதையிலும் வருகிறது. அங்கே அவன் வீரனின் தம்பி. இருவருக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இருக்கிறது. காக்கை இருவராயிருந்ததுபோலக் கயிலையும் இருவர்.

ஆக, பையனின் கேள்விக்கு விடை எளிதாகிறது. முதற் காக்கைவன்னியன் யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் கதையைச் சேர்ந்தவன். இரண்டாமவன் வன்னியின் வாய்மொழிக் கதையையும் நாடக மேடையையும் சேர்ந்தவன். பண்டாரவன்னியனின் தங்கையைப் பெண் கேட்டு மறுக்கப்பட்ட சினத்தால் பகைவரோடு சேர்ந்தான் என்பது கதை. ‘துரோகிக்கு ஒரு பெயர் வேண்டும்’ என்று தேடிய கதைசொல்லிகளுக்கு, யாழ்ப்பாணத்தில் முன்னமே வசையாகிப்போயிருந்த பெயர் கைக்கு எளிதாக அகப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். இது நம் கருத்து மாத்திரமே.

வைபவமாலையை எழுதிய மயில்வாகனப் புலவரே பெயர் மயக்கத்துக்கு ஆளானவர்தாம். 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி மக்கறாவின் வேண்டுகோளின்படி அந்நூலை இயற்றினார் புலவர். 1544இல் மன்னாரில் கிறிஸ்தவராயினோரைக் கொன்ற சங்கிலி வேறு. 1619இல் சிறைப்பட்டுக் கோவாவில் உயிரிழந்த சங்கிலி குமாரன் வேறு. புலவரோ இருவரையும் உருக்கி ஒருவராக்கிவிட்டார். முக்கால் நூற்றாண்டு இடைவெளியைப் பெயர் ஒற்றுமை விழுங்கிவிட்டது. முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் 1920களில் போர்த்துக்கேயப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டிய பின்னரே இரண்டு சங்கிலிகளும் தனித்தனியே எழுந்து நின்றனர். ஒருவன் செய்த கொலைக்கு மற்றவன் எவ்வளவு காலம் பழி சுமந்தான், பாருங்கள்!

கடலுக்கு அப்பாலும் இப்படி ஒரு கதை உண்டு. தமிழ்நாட்டில் காட்டிக்கொடுப்பவனை ‘எட்டப்பன்’ என்பர். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வரலாற்றோடு வந்த வசை அது. ஆனால் எட்டப்பன் என்பதும் ஓர் ஆளின் பெயரன்று. எட்டயபுரத்துப் பாளையக்காரர் தலைமுறை தலைமுறையாகத் தரித்த பட்டப் பெயர் அது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் இருந்தது அந்த அரண்மனையின் ஆதரவில். முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1835இல் மறைந்ததும் அங்கேதான். சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்ததும் அந்த ஊரில்தான். புலவரை ஆதரித்தவரும் எட்டப்பர், இசைவாணரை ஆதரித்தவரும் எட்டப்பர். ஒருவர்மீது விழுந்த வசை அத்தனை பேர் தலையிலும் ஏறிற்று. கட்டபொம்மன் என்பதும் குடும்பப் பட்டமே. வீரபாண்டிய கட்டபொம்மனின் தந்தை ஜெகவீர கட்டபொம்மன்.

வசை மட்டுமன்று, உறவும் பெயரால் தவறாகக் கற்பிக்கப்படுவதுண்டு. வன்னியன் என்ற பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் அது ஒரு பெருஞ் சமூகத்தின் பெயர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் குறுநிலத் தலைவரின் பெயர்; ஆங்கிலேயர் காலத்தில் கிழக்கு மாகாணத்துத் தலைமைக்காரரின் உத்தியோகப் பெயராகவே அது பதிவேட்டில் ஏறிற்று. நுவரகலாவியாவில் சிங்களத் தலைவர்களும் வன்னியர். அநுராதபுரத்துப் புலங்குளமே குடும்பத்தார் தரித்த பட்டம் சூரியகுமார வன்னிசிங்க. நம் பக்கத்தில் கோப்பாய்த் தொகுதியின் பிரதிநிதியாக இருந்து 1959இல் மறைந்த கு. வன்னியசிங்கத்தின் பெயரை இதனருகே வைத்துப் பாருங்கள்; எழுத்துக்கு எழுத்து ஏறத்தாழ ஒன்றே. தம்பானையில் வாழும் வேடர் தம்மை ‘வன்னியலைத்தோ’ என்கிறார்கள். காட்டு மக்கள் என்பது பொருளாம். பெயரின் வேர் வன்னி மரமோ, நெருப்பைக் குறிக்கும் வடசொல்லோ, காட்டைக் குறிக்கும் சொல்லோ என்று அறிஞர் வழக்காடுவர். அவ்வழக்கில் நாம் கட்சி சேரப்போவதில்லை. லூயிஸ் துரை 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூலையும், சி. எஸ். நவரத்தினம் 1960இல் எழுதிய நூலையும், பேராசிரியர் பத்மநாதனின் ஆராய்ச்சிகளையும் படித்தவர்களுக்கு ஒன்று மாத்திரம் விளங்கும். இத்தனை பேரையும் ஒரே கொடிவழியில் தொங்கவிட எந்தக் கொம்பும் தாங்காது.

லூயிஸ் என்றதும் ஓர் எச்சரிக்கை. கைந்நூல் எழுதியவர் ஜே. பி. லூயிஸ். இலங்கைக் காடுகளையும் மரங்களையும் பற்றி எழுதியவர் பிரெடரிக் லூயிஸ். நூலகத்தில் ஒருவரைத் தேடி மற்றவரோடு வந்த மாணவர்கள் பலர்.

இனிச் சொல்லப்போவதே நமக்கு மிகப் பிடித்த கதை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வன்னியில் வருவாய் அதிகாரியாக இருந்தவர் ஜோர்ஜ் டேர்னர். ஆங்கிலப் பிரபு ஒருவரின் மகன். 1799இல் இலங்கையிலே பிறந்த அவருடைய மகனுக்கும் பெயர் ஜோர்ஜ் டேர்னர்தான். வேலை நிமித்தம் இரத்தினபுரியில் இருந்தபோது மகாவம்சத்தின் உரை அவர் கைக்குக் கிட்டியது. 1837இல் முதல் முப்பத்தெட்டு அதிகாரங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பாரதத்துத் தூண்களிலும் பாறைகளிலும் இருந்த பழைய எழுத்தைப் படித்துவிட்டார். எங்கும் ‘தேவானாம்பிய பியதசி’ என்ற அரசன். யார் இவன்? வட இந்திய மன்னர் பட்டியல்களில் அப்படி ஒருவன் இல்லை. இலங்கையில் தேவநம்பியதீசன் என்ற அரசன் இருந்தான் அல்லவா? பெயரின் முற்பாதி ஒன்றே. ஆகவே அநுராதபுரத்து மன்னனே பாரதம் முழுவதும் கல் வெட்டுவித்தான் என்று பிரின்செப் முதலில் எழுதிவிட்டார்!

‘தேவர்க்குப் பிரியமானவன்’ என்பது இருவரும் தரித்த விருது. வன்னியன் போல, எட்டப்பன் போல. அதைத் திருத்தியவர் நம் வன்னி அதிகாரியின் மகன். தீபவம்சத்தில் பியதசி என்ற பெயர் சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மகனுமான அசோகனுக்கு வழங்குவதைக் கண்டு அறிவித்தார். அசோகச் சக்கரவர்த்தியை உலகம் மீண்டும் அறிந்துகொண்டது அப்படித்தான். தந்தையின் பெயரையே தாங்கியவர், ஒரு பெயரை இருவர் தாங்கக்கூடும் என்பதை மறவாமல் இருந்ததில் வியப்பென்ன என்று வகுப்பில் ஒரு பகிடி விட்டோம். மாணவர் சிரிக்கவில்லை, மத்தியான வெயில்.

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்தில் நாட்டிய கல்லுக்கும் இங்கே ஒரு சொல். 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் அவ்விடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பது அதில் பொறித்த செய்தி. அவ்வாண்டு ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பறிகொடுத்து ஓடியவனும் அவனே. நூறாண்டு கழித்து இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராக, பள்ளித் தோட்டங்களுக்குப் பொறுப்பாளராக, பயிர்ச்செய்கை பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் பெயரும் டிறிபேர்க். கல்லில் உள்ளவனின் பகையை இந்தத் தோட்டக்காரர் கணக்கில் எழுதுவது நியாயமாகுமா?

அந்தக் கல்லில் தோற்றவனின் பெயராக இருப்பதும் ஒரு பட்டமே. குலசேகரம் வைரமுத்து என்று வன்னி மரபு அவனுக்குப் பெயர் சொல்கிறது. முள்ளியவளை முல்லைமணி அவனைப் பற்றி நாடகம் எழுதினார்; கலைஞர் கருணாநிதி நாவல் எழுதினார்; வவுனியாவில் சிலை நிற்கிறது. வீரத்தைப் பட்டப் பெயர் எடுத்துக்கொண்டது. வைரமுத்து என்ற பிள்ளையை நினைப்பவர் சிலரே.

இவ்வளவையும் இரண்டு பாடவேளைகளில் சொல்லி முடித்தோம். காக்கை வேடமிட்ட பையன் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான். இனிமேல் அவனை அப்பெயரால் யாரும் அழையார் என்று நம்பினோம். மறுநாள் காலை மைதானத்தில் பார்த்தால் நிலைமை சற்று மாறியிருந்தது. அவன் இப்போது ‘இரண்டாம் காக்கை’. சென்ற வாரம் தலைமை மாணவனிடம் கோள் சொன்ன இன்னொருவன் ‘முதலாம் காக்கை’யாகிவிட்டான். இருவரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.