அமெரிக்கா போட்ட வரி, நம்ம தராசில் விழுந்த அடி



அமெரிக்கா வரி போட்டால் அது திருப்பூர் முதலாளி பாடு, பந்தல்குடி கரிசல்ல பருத்தி போடுற சம்சாரிக்கு என்ன வந்துச்சு என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்வது சங்கத்தின் கடமை.

2025 ஆகஸ்ட் 7-ல் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25. அப்போது நூறு ரூபாய் பனியனுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல் வரி விழுந்தது.

இதை நம்ம அரசாங்கம் கட்டுவதில்லை. அங்கே சரக்கை இறக்கும் வியாபாரிதான் கட்டணும். அவன் சும்மா கட்டுவானா? விலையைக் குறை என்று திருப்பூரைக் கேட்பான். திருப்பூர் நூல் மில்லைக் கேட்கும். மில் பஞ்சு வியாபாரியைக் கேட்கும். அவர் ஆள் நம்ம வாசலுக்கு வந்து விலையைக் குறைப்பார். நாம் யாரிடம் போய்க் குறைக்க? களை எடுத்த பொம்பளையாள் கூலியிலா, உரக்கடை பாக்கியிலா? கைமாத்தி விட ஆளில்லாத கடைசி ஆள் சம்சாரிதான்.

இது போதாதென்று டெல்லி செய்ததைப் பாருங்கள். வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரி 2021 பட்ஜெட்டில் வந்தது. நூறு ரூபாய்ப் பஞ்சு 111 ரூபாய்க்கு இறங்கும். அது நமக்கு ஒரு வேலி. 2022-ல் பஞ்சு விலை ஏறியதும் ஏப்ரல் 14 முதல் அக்டோபர் கடைசி வரை அந்த வேலியைப் பிடுங்கினார்கள். 2025 ஆகஸ்ட் 19-ல் மறுபடி பிடுங்கினார்கள். செப்டம்பர் 30 வரைக்கும்தான் என்றவர்கள், பத்து நாள் ஆகுமுன்னே டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். அமெரிக்கா தன் வேலியை உயர்த்தியது, நம்ம அரசாங்கம் நம்ம வேலியைச் சாய்த்தது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

நம்ம பருவத்தோடு சேர்த்துப் பாருங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். மாசி, பங்குனியில் காய் வெடிக்குது. நாம் விதை ஊன்றும் நாளில் வரியில்லாப் பஞ்சு கப்பலில் வந்து இறங்கியது. கெடு டிசம்பரோடு முடிஞ்சாலும் குடோன்ல அடுக்கின பேல் கரைஞ்சா போயிரும்?

அமெரிக்க விவசாயிக்கு அவன் அரசாங்கம் மானியம் கொட்டிக் கொடுக்குது. அந்தப் பருத்தி மானியத்தை எதிர்த்து 2002-ல் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்துத்தான் அமெரிக்கா அந்த வழக்கை முடித்தது. அப்படிப்பட்டவனோடு மானாவாரிச் சம்சாரி எப்படி மல்லுக்கட்டுவது?

ஆதார விலை இருக்கே என்பார்கள். 2025-26-க்கு நடுத்தர இழைப் பருத்தி குவிண்டால் 7,710 ரூபாய், நீண்ட இழை 8,110 ரூபாய். இந்தியப் பருத்திக் கழகம் வந்து வாங்கினால்தான் அது விலை. வாசலில் தராசு பிடிக்கும் வியாபாரியை அது கட்டுப்படுத்தாது.

நாம் மில்லுக்கு எதிரி இல்லை. அருப்புக்கோட்டை, ராஜபாளையம் மில்களில் ஷிப்டு பார்ப்பது நம்ம பிள்ளைகள்தான். மழை பொய்த்த வருசம் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரியுது. தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பருத்தியில் சின்னப் பங்குதான் தமிழ்நாட்டில் விளையுது என்பதும் உண்மை. மில்லைக் காப்பாற்றுங்கள், அதற்கு அரசுக் கஜானாவிலிருந்து உதவுங்கள், வட்டியைக் குறையுங்கள். அந்தச் செலவைச் சம்சாரி தலையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. பருத்தி இறக்குமதி வரியில் மாற்றம் செய்வதானால் விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும். விதைத்த பிறகு அறுவடை முடியும்வரை கை வைக்கக் கூடாது.

2. மாசி முதல் சித்திரை வரை அருப்புக்கோட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்திக் கழகம் ஆதார விலைக்கு நேரடியாக வாங்க வேண்டும்.

3. வரியை எடுத்ததால் விலை இறங்கினால், ஆதார விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு நம் கணக்கில் செலுத்த வேண்டும்.

டெல்லியில் மில் முதலாளிக்குச் சங்கம் இருக்கு, ஏற்றுமதியாளருக்குச் சங்கம் இருக்கு. அவர்கள் கேட்டார்கள், வரி போச்சு. நாம் கேட்காமல் இருந்தோம், நம்ம விலை போச்சு. தனித்தனியாகப் புலம்பினால் தராசு நிமிராது.

இந்தக் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்து வீட்டாரையும் போட வையுங்கள். ஊர்க்கிளைக் கூட்டத்துக்குப் பெண்களும் வர வேண்டும். பருத்தி எடுக்கும் கை அவர்களுடையது.

சிந்திப்பீர்! ஒன்று சேர்வீர்!