எந்தக் கோழி கூலிக்காரர் வீட்டுக் கோழி?

வருஷத்துக்கு 300 முட்டை இடும் கோழி நல்லதா, 50 முட்டை இடும் கோழி நல்லதா என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பையன்கூட 300 என்றுதான் சொல்வான். இந்தக் கணக்கைக் காட்டித்தான் நம் தெருக்களுக்குக் குஞ்சுக் கூடைகள் வருகின்றன. ஆனால் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி இதுவல்ல என்பது நமது அபிப்பிராயம். தீவன மூட்டை வாங்காமல் எந்தக் கோழி உயிர் வாழும்? நாளைக்கு அதன் குஞ்சைப் பொரித்துக் கொடுக்கப் போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு முட்டையை எண்ணுவோம்.

முதலில் ஒரு வார்த்தை. தற்சார்பு வாழ்க்கை என்று இப்போது வசதியுள்ளவர்கள் நிறையப் பேசுகிறார்கள். இரண்டு ஏக்கர் வாங்கி வேலி போட்டு, பத்துக் கோழி விட்டு, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் "கூலி உயர்வு கேட்காதே, கோழி வளர்த்துப் பிழைத்துக்கொள்" என்று நமக்கு யாராவது உபதேசம் செய்தால் அதை ஏற்க முடியாது. கோழி கூலிக்கு ஈடாகாது. வேலையில்லாத மாதத்தில் குழந்தைக்கு ஒரு முட்டை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்க ஒரு சேவல் – இவ்வளவுதான் அது செய்யும். இவ்வளவும் நம் வீட்டில் சின்ன விஷயமல்ல.

300 முட்டைக் கோழியின் கதையைப் பார்ப்போம். இதன் மூலம் லெகார்ன் என்ற இத்தாலிய ஜாதி. நாமக்கல் பண்ணைகளில் கூண்டுக்குள் இருப்பது இந்த வழியில் வந்த கோழிதான். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். வருஷத்துக்கு 40 கிலோ. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த அந்தத் தீவனத்தைக் குறைத்தால் முட்டையும் குறைந்துவிடும். அடை உட்காரும் குணத்தை மனிதர்களே பார்த்துப் பார்த்துக் கழித்துவிட்டார்கள். குஞ்சு வேண்டுமென்றால் மீண்டும் கம்பெனிக்காரனிடம்தான் போக வேண்டும். நாமக்கல் முட்டை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளியின் குழந்தை சத்துணவில் அதைத்தான் தின்கிறது; புரதத்தில் அது நாட்டுக்கோழி முட்டைக்குக் குறைந்ததும் அல்ல. நாம் சொல்வது, அந்தக் கோழி பண்ணைக்காகப் பிறந்தது, வாசலுக்காகப் பிறந்தது அல்ல என்பதுதான்.

தெருவில் சிவப்பு, பச்சை, மஞ்சள் சாயம் தோய்த்துக் கொண்டுவரும் குஞ்சுகளைப் பற்றியும் சொல்லிவிடுவோம். முட்டைக்கோழிக் குஞ்சுப் பண்ணைகளில் சேவல் குஞ்சால் பிரயோஜனம் இல்லை. அங்கே கழித்துவிட்ட சேவல்கள்தான் பெரும்பாலும் சாயம் பூசிக்கொண்டு நம் வாசலுக்கு வருகின்றன. முட்டைக்காக அவற்றை வாங்கும் தாய்மார் ஏமாந்துதான் போவார்கள்.

கறிக்கோழியின் சங்கதி இன்னும் வெளிப்படை. பல்லடம் வட்டாரத்தில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கிறது. கொட்டகை, மின்சாரம், உழைப்பு விவசாயியுடையது. சுமார் 40 நாளில் இரண்டு கிலோவுக்கு வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தன் கொட்டகையில் தானே கூலிக்காரன்! அந்தக் குஞ்சின் தாய்க்கோழி அவன் கண்ணில் படுவதே இல்லை.

இனி நம் சிறுவிடைக் கோழிக்கு வருவோம். பெட்டை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை. வருஷத்துக்கு மூன்று, நான்கு ஈடு. கணக்கில் தோற்றுப்போகும் கோழிதான். ஆனால் அது 21 நாள் தானே அடை காக்கும். குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக் காப்பதால் மின்விளக்குச் சூடு தேவையில்லை. குப்பையைக் கிளறிப் புழு தின்னும், களத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கும், மீந்த சோற்றையும் விடாது. மேலே பருந்து வட்டமிட்டால் ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் அத்தனையும் புதருக்குள் ஓடிவிடும். உடம்பு லேசானதால் நாய் துரத்தினால் கூரைமேல் பறந்து ஏறிக்கொள்ளும். மண்ணோடும் செத்தையோடும் கலந்துவிடும் பழுப்பு நிறமும் அதற்கு ஒரு காவல். வெள்ளைக் கோழி மேய்ச்சலில் பருந்துக்குச் சுலபமாக அகப்படும். 50 முட்டையில் பாதியைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, பாதியை அடை வைத்தாலும் மந்தை பெருகுகிறது. 300 முட்டைக்காரியோ ஒரு குஞ்சைக்கூடப் பொரித்துத் தருவதில்லை.

குஞ்சுகளின் இரைக்கு நம் கிராமத்துப் பாட்டிமார் செய்துவந்த வேலை ஒன்று உண்டு. பழைய பானையில் வைக்கோல், காய்ந்த சாணம் போட்டு, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். விடியற்காலையில் எடுத்தால் கறையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகளுக்குக் கொட்டிவிட வேண்டும். இந்தத் தீவனத்துக்கு எந்தக் கம்பெனியும் பில் போட முடியாது.

பெருவிடை கம்பீரமான கோழிதான். சேவல் மூன்று நான்கு கிலோ வரும், விலையும் வரும். முட்டை குறைவு, தீனி கூடுதல், ஒன்றோடொன்று ஓயாத சண்டை. இடமும் தானியமும் உள்ளவர்கள் வளர்க்கட்டும். கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி பார்க்க அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள், அது தவறு. இறகு குறைவானதால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறும், நம் சித்திரை வெயிலை நன்றாகத் தாங்கும்.

கருங்கோழி என்று பெரிய விலை சொல்லும் கடக்நாத், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பில் பழங்குடி மக்கள் வளர்த்துக் காத்த ஜாதி. 2018-ல் ஜாபுவா கடக்நாத் கறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மக்களின் உழைப்புக்கு அது மரியாதை. ஆனால் கடக்நாத் பெட்டை சரியாக அடை உட்காருவதில்லை. மருந்துக் குணம் என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்கி அதன் குஞ்சுகளை வாங்காதீர்கள்.

சர்க்கார் நிலையங்கள் கொடுக்கும் கலப்பினங்களை நாம் எதிர்க்கவில்லை. ஹைதராபாத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா, சென்னையின் நந்தனம் கோழி – இவை வாசலில் மேய்ந்தே சிறுவிடையைவிட அதிக முட்டை இடும். மக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. ஆனால் கொடுப்பவர்கள் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தக் குஞ்சுகளுக்கு முதல் ஐந்தாறு வாரம் செயற்கைச் சூடும் நல்ல தீவனமும் தேவை. ஒற்றை அறை வீட்டில், காலையில் களை எடுக்கவோ ஷிப்டுக்கோ போய்விடும் பெண் இதை எப்படிச் செய்வாள்? ஒருநாள் குஞ்சாகக் கொடுக்காமல், ஆறு வாரம் வளர்த்துக் கொடுப்பதுதான் முறை. அடை உட்காரும் குணமும் இவற்றில் மிகக் குறைவு. அவற்றின் முட்டையைச் சிறுவிடையின் கீழ் வைத்துப் பொரிக்கலாம். ஆனால் தாயின் குணம் எல்லாக் குஞ்சுக்கும் வராது, அடுத்த தலைமுறையில் சிதறிவிடும்.

ஈமுவை மறந்துவிட்டீர்களா? ஆஸ்திரேலியப் பறவை; குஞ்சுக்குப் பணம் கட்டினால் மாதாமாதம் வருமானம் என்றார்கள். கறிக்கும் முட்டைக்கும் நம் நாட்டில் சந்தையே இல்லை. 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் அந்த வியாபாரம் கவிழ்ந்தபோது பணமும் போயிற்று, பறவைகளும் தீனியின்றிச் செத்தன. சந்தையில் நாமே கையில் தூக்கிப் போய் விற்க முடியாத பறவை நமக்கு எதற்கு?

நல்ல ஜாதியைத் தேடித் தூரம் போக வேண்டாம். சொந்தத் தெருவிலேயே பாருங்கள். எந்தப் பெட்டை பத்துக் குஞ்சு பொரித்து ஏழெட்டைக் கரையேற்றுகிறதோ, அதன் முட்டைகளை அடைக்கு எடுங்கள். நன்றாக வளர்ந்த சேவலை முதலில் விற்றுவிட்டு நோஞ்சானை மந்தைக்கு விடும் வழக்கம் நம்மிடம் உண்டு; அதை விட்டொழிக்க வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒரே மந்தையில் வருஷக்கணக்காக அதே சேவல் இருந்தால் குஞ்சு மெலியும்; பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்ற பேச்சு பொய். வெள்ளைக் கழிச்சல் எந்த ஜாதியையும் விடாது. 1920-களின் கடைசியில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டதால் ராணிக்கேட் நோய் என்று பெயர் பெற்றது இதுதான். கோடையில் ஒரு வீட்டில் நுழைந்தால் ஒரு வாரத்தில் தெருவே காலி. தடுப்பு மருந்து இருக்கிறது: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. ஆனால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடும் மருந்து அடைத்து வருகிறது. ஆறு கோழி வைத்திருப்பவர் தனியாக என்ன செய்வார்? ஒருவர் மட்டும் போட்டுக்கொண்டு பத்துப் பேர் போடாவிட்டாலும் தெருவில் நோய் நின்றுகொண்டுதான் இருக்கும்.

ஆகவே இது தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கால்நடைத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் நடத்துகிறது. முகாம் ஊர்ச் சாவடியோடு திரும்பிவிடாமல் காலனிக்கும் மில் லைனுக்கும் வர வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கமும் மில் தொழிற்சங்கமும் ஜனவரியிலேயே மனுக் கொடுக்க வேண்டும். வீடு வீடாகக் கோழிகளை எண்ணி, தொகையை எழுதிக் கொடுங்கள். மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவருகிறார்களா என்று பாருங்கள். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். அதனால் முதல் நாள் இரவே கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் திறந்து விட்டுவிடாதீர்கள்.