கடல் கடந்த கல்வித் தொண்டு

கல்லூரியொன்றின் விழாமலரிலே அதன் பழைய மாணவர் எய்திய பதவிகளையும் பட்டங்களையும் எடுத்துக்கூறிப் பெருமிதங் கொள்வது வழக்கம். அவ்வழக்கம் பிழையன்று. ஆயினும், கற்ற கல்வியின் பயனைப் பிறர்க்கு ஈந்தவர் எத்துணையர் என்னுங் கணக்கே ஒரு கல்விக்கூடத்தின் மெய்யான வரவுசெலவுக் கணக்காகும். இன்று நம் பழைய மாணவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். அந்நாடுகளில் வளரும் இளைஞர் பலர், பாடசாலைக் கல்வியை முடித்துப் பல்கலைக்கழகம் புகுமுன்னர், கம்போடியா, நேபாளம், கானா முதலிய நாடுகளுக்குச் சென்று, வறிய சிறார்க்குச் சில கிழமையோ சில மாதமோ பாடஞ் சொல்லிக் கொடுத்து மீள்கின்றனர். நம்மவர் மக்களும் இதற்குப் புறம்பல்லர். பிள்ளையின் நல்லுள்ளத்தைக் கண்டு பெற்றோர் மகிழ்வது இயல்பே. அந்நல்லுள்ளத்தை நாமும் போற்றுகின்றோம். ஆனால் நல்லுள்ளம் ஒன்றே நற்பயனைத் தந்துவிடுமா என்பதை ஆராயாது விடுதல் கற்றோர்க்கு அழகன்று. ஆதலின் இவ்வழக்கம் பற்றி நாம் எண்ணுவதை ஈண்டு ஒளிவுமறைவின்றிக் கூற விரும்புகின்றோம்.

இதுபற்றிப் பேசுதற்கு நமக்கு ஒரு தனியுரிமை உண்டு. பிறநாட்டார் வந்து கல்வி புகட்டிய மண்ணிற் பிறந்தவர் நாம். அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர்; 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். மதமாற்றமே அவர்தம் முதல் நோக்கம் என்பதை மறைத்தலும் வேண்டா. அவராற் கிடைத்த கல்வியை மறுத்தலும் வேண்டா. உவெசுலியன் மிசன் பாடசாலையிற் பயின்று அங்கேயே ஆசிரியராயும் இருந்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் இட்ட வித்தே பின்னர் இந்துக் கல்லூரிகளாகத் தழைத்தது. உதவி பெறுவோன் நெஞ்சிலே நன்றியும் உண்டு, நாணமும் உண்டு, “எம் பிள்ளைகளுக்கு யாமே கற்பிப்போம்” என்னும் வேட்கையும் உண்டு. இம்மூன்றையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று கொடுப்போர் வரிசையிற் சென்று நிற்கும் நம் மக்கள் இவற்றை மறந்துவிடுதல் ஆகாது.

அக்காலத்தில் வந்தவருள் ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். மருத்துவர் கிறீன் என்னும் அமெரிக்கர் 1847 இல் இங்கு வந்து மானிப்பாயிலே பணிபுரிந்தார். அவர் தமிழைக் கற்றார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் பயின்று மருத்துவராயினோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவர் 1873 இல் தம் நாட்டுக்கு மீண்டபோது யாழ்ப்பாணம் மருத்துவரற்ற நாடாகிவிடவில்லை. வந்தவர் போய்விட்டார், வித்தை இங்கே தங்கிவிட்டது. தொண்டினை அளத்தற்கு இதனினுஞ் சிறந்த அளவுகோலை நாம் அறியோம். தொண்டர் வந்தபோது நிகழ்ந்த வரவேற்பும், இருந்தபோது எடுத்த படங்களும் அளவுகோல் அல்ல. அவர் போனபின் அவ்வூரில் எஞ்சி நிற்பது யாது என்பதே கேள்வி.

இக்கேள்வியைக் கையிற்கொண்டு கம்போடியாவைச் சிறிது நோக்குவோம். 1975 முதல் 1979 வரை நடந்த கெமரூச் ஆட்சியிலே அந்நாட்டின் ஆசிரியரும் கற்றோரும் பெருந்தொகையினராய் மாண்டனர். எண்ணற்ற சிறார் பெற்றோரை இழந்தனர். அக்காலத்தில் அநாதை இல்லங்கள் இன்றியமையாதனவாயின. அச்சிறார் பின்னர் வளர்ந்து பெரியோராயினர். நாட்டில் அமைதியும் திரும்பியது. ஆதலின் இல்லங்களின் தொகை குறைந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ அதன் மறுதலை. 2005 இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010 இல் 269 ஆயின. 2015 இல் எடுத்த கணக்கு 406 இல்லங்களையும், அவற்றில் 16,579 சிறாரையும் காட்டிற்று. அவ்வில்லங்களில் வாழ்ந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தமையும் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது.

பெற்றோரையுடைய பிள்ளைகள் அநாதை இல்லத்திற்குச் சென்றது எவ்வாறு? அங்கோர் ஆலயங்களைக் காணச் சியெம் ரீப் நகருக்கு ஆண்டுதோறும் பெருந்திரளான பயணிகள் வருகின்றனர். அவருள் இரக்கமுடையோர் சிறாருக்கு உதவ விரும்பினர். சில நாள் கற்பிக்கவும் விரும்பினர். அதற்கெனப் பணமுங் கொடுத்தனர். பணம் வருமிடத்தில் இல்லங்கள் எழுந்தன. எழுந்த இல்லங்களுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். “உன் பிள்ளைக்கு ஆங்கிலமும் மூவேளை உணவுங் கிடைக்கும்” என்று கூறியதும், வறிய தாய் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். எல்லா இல்லங்களும் இத்தகையன என்று நாம் கூறவில்லை. நேர்மையாக நடப்பனவும் உள. எனினும், இரக்கமே ஒரு சந்தையை உண்டாக்கிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடும் என்பதற்குக் கம்போடியா கண்கூடான சான்று. அவ்வரசாங்கமே இதனை உணர்ந்து, 2015 இல் இல்லங்களை ஒழுங்குபடுத்தச் சட்டவிதி செய்து, பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு மீளச் சேர்ப்பிக்குந் திட்டத்தையும் மேற்கொண்டது. 2017 இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று, நவீன அடிமைமுறை பற்றிய தன் அறிக்கையிலே இவ்வநாதை இல்ல வாணிகத்தையும் எடுத்துக்காட்டியது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் இத்தகைய தொண்டுச் சுற்றுலாவினாற் சிறாருக்கு விளையுந் தீங்கு குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இனி, உள்ளத்திற்கு நேருந் தீங்கு ஒன்றுண்டு. யோன் போல்பி என்னும் ஆங்கில மனநோய் மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்தின் பொருட்டு 1951 இல் எழுதிய அறிக்கையிலே, இளங்குழவிக்கு நிலையான ஒருவரின் அன்பு உணவைப் போன்று இன்றியமையாதது என்பதை விளக்கினார். புதிதாக வந்த அக்கா ஒருத்தி மடியிலிருத்திக் கதை சொல்கின்றாள்; மூன்றாங் கிழமை கண்ணீருடன் விடைபெறுகின்றாள். அடுத்த திங்களில் வேறோர் அண்ணன் வருகின்றான், அவனும் போகின்றான். போகின்றவர்க்கு அது ஒரு பிரிவு; பிள்ளைக்கோ அது ஆண்டில் பத்தாவது பிரிவு. யார் வரினும் ஓடிச்சென்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு நாம் உருகுகின்றோம். அன்பு நிலைபெறாத பிள்ளையின் அடையாளமும் அதுவாயிருத்தல் கூடும்.

அநாதை இல்லங்களை விடுத்து, பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பாடசாலைகளை நோக்கினும் குறை இல்லாமலில்லை. கெமர் மொழியோ நேபாள மொழியோ அறியாத இளைஞன், பயிற்சி எதுவுமின்றி வகுப்பிற் புகுகின்றான். மாணவர் முன்னர் எதுவரை கற்றனர் என்பது அவனுக்குத் தெரியாது. ஆதலின் நெடுங்கணக்கிலும் எண்ணிலும் நிறங்களின் பெயரிலுந் தொடங்குகின்றான். அடுத்து வருபவனும் அங்கேயே தொடங்குகின்றான். பிள்ளைகள் ஒரே பாட்டை ஒவ்வொரு தொண்டனுக்கும் புதிதாய்க் கற்பவர்போலப் பாடிக்காட்டுகின்றனர். ஊதியமின்றி வெளிநாட்டார் கற்பிக்கும்போது, உள்ளூர் ஆசிரியைக்குச் சம்பளங் கொடுப்பானேன் என்னும் எண்ணமும் நிருவாகத்தார்க்கு எழுகின்றது. நம் கல்லூரியில், பயிற்சி பெறாத பதினெட்டு வயதுப் பிறநாட்டிளைஞரை மூன்று கிழமைக்கு ஒருவராக மாற்றி மாற்றி நம் பிள்ளைகளின் வகுப்பாசிரியராக நியமித்தால் நாம் உடன்படுவோமா? நம் பிள்ளைக்கு ஆகாதது வறியவன் பிள்ளைக்கு மட்டும் எங்ஙனம் ஆகும்?

“ஒன்றுஞ் செய்யாதிருப்பதினும் சிறிதேனும் செய்வது நன்றன்றோ?” என்பர் சிலர். மருத்துவத்தில் இவ்வாதத்தை எவரும் ஏற்பதில்லை. கல்வியில் ஏன் ஏற்றல் வேண்டும்? “செல்லும் இளைஞன் உலகத்தை அறிகின்றான்; அவன் மனம் விரிகின்றது” என்பர் வேறு சிலர். இது முற்றும் உண்மை. வறுமையை நேரிற் கண்டவன் தன் வாழ்வை வேறு கண்கொண்டு நோக்குவான். ஆயின், பயன் பெறுகின்றவன் அவனே என்பதை அவ்வாதமே ஒப்புக்கொள்கின்றது. அங்ஙனமாயின் அவன் தொண்டனாகச் செல்லற்க, மாணவனாகச் செல்க. ஆசிரியனாக வகுப்பின் முன் நிற்றலை விடுத்து, உள்ளூர் ஆசிரியரின் பின்னிருந்து அவர்க்கு உதவுக. அவர் மொழியைக் கற்க. மாணவனாய்ச் செல்பவன் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அவனே பின்னொருநாள் மெய்த்தொண்டனாகவும் ஆவான்.

இவ்வாறு சென்றவர்க்கு எடுத்துக்காட்டு இல்லையா எனின், உண்டு. வேளாண்மைக் கல்வி கற்ற லெனாட் எல்ம்ஹேர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர், இரவீந்திரநாத தாகூரின் அழைப்பை ஏற்று 1921 இல் வங்காளம் சென்றார். சாந்திநிகேதனத்தை அடுத்த சுருல் என்னும் ஊரிலே 1922 இல் தொடங்கிய கிராம புனரமைப்பு நிலையமே பின்னர் ஸ்ரீநிகேதனம் எனப் பெயர்பெற்றது. அங்கே தோட்டியை அமர்த்தாது, மலக்கழிவை அகற்றும் வேலையையும் எல்ம்ஹேர்ஸ்டும் மாணவரும் தம் கையாலேயே செய்தனர். அவ்வூர்களை அவர்க்கு முன்னரே நன்கறிந்தவர் காளிமோகன் கோஷ். அவர் வழிகாட்ட, வந்தவர் கற்றார். 1924 இல் வறிய கிராமச் சிறார்க்கெனத் தாகூர் தொடங்கிய ‘சிக்ஷா சத்ரா’ என்னும் பாடசாலையின் கொள்கையை விளக்கி எல்ம்ஹேர்ஸ்ட் ஒரு கட்டுரை எழுதினார்; ஆனால் பாடசாலையை நடத்தியவர் வங்காளியரான சந்தோஷ் சந்திர மஜூம்தார். எல்ம்ஹேர்ஸ்ட் சில ஆண்டுகளிற் சென்றுவிட்டார். பணவுதவி மட்டும் நெடுங்காலந் தொடர்ந்தது. பெயரும் பொறுப்பும் உள்ளூரார்க்கு. உழைப்பும் பொருளும் வந்தவர்க்கு. இஃதன்றோ முறை?

பெரிய தொண்டு நிறுவனங்களும் பட்டறிவினால் இதனையே கற்றன. பிரித்தானியாவில் 1958 இல் தொடங்கிய கடல்கடந்த தொண்டர் சேவை, முதலிற் பாடசாலையை விட்டு வெளிவந்த இளைஞரையே அனுப்பிற்று. பின்னர்த் தகுதியும் தேர்ச்சியும் உடையோரை அனுப்புவதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் சமாதானப் படை 1961 இல் அமைந்தது. அதன் ஆசிரியர் 1962 இல் இலங்கைக்கும் வந்தனர். அது மொழிப்பயிற்சியையும் ஈராண்டுக் காலச் சேவையையும் விதியாகக் கொண்டது. ஈராண்டும் போதாதென்பார் உளர். அதன் நோக்கம் பற்றி ஐயுறுவாரும் உளர். மூன்று கிழமை போதுமென்பாரோ அவ்விரு நிறுவனங்களிலும் இலர்.

பிறர் நாட்டைப்பற்றிக் கூறியது நம் நாட்டுக்கும் பொருந்தும். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சிறுவர் இல்லங்களிலே, பிறந்தநாளின் பொருட்டும் பெற்றோர் நினைவுநாளின் பொருட்டும் உணவளிக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. கொடுப்போர் உள்ளம் தூயது. எனினும், இங்கும் அப்பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குப் பெற்றோருள் ஒருவராவது உளர். வறுமையே பலரை இல்லத்திற் சேர்த்தது. முன்பின் அறியாதவரின் பிறந்தநாளுக்குப் பாட்டுப்பாடி, வரிசையில் நின்று படமெடுக்கப்படும் பிள்ளையின் நாணத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வொரு வேளை உணவின் பொருளை, அப்பிள்ளை தன் தாயுடனிருந்து பாடசாலைக்குச் செல்லும் வழியிற் செலவிட்டால் எத்துணை நன்று!

ஆதலின் நம் பழைய மாணவர் சங்கத்தார் முன்னும், தொண்டுக்குப் புறப்படும் இளைஞர் முன்னும் சில கருத்துக்களை வைக்கின்றோம். முதலாவது, பிள்ளைகளை வீட்டினின்றும் பிரித்து வைக்கும் இல்லத்துக்குச் செல்லற்க. பெற்றோரிடம் திரும்பும் பிள்ளைகளின் பாடசாலையையே நாடுக. இரண்டாவது, புறப்படுமுன் அந்நாட்டு மொழியிற் பேசக் கற்க. அதற்கு நேரமில்லாதவர்க்குத் தொண்டு செய்யவும் நேரமில்லை என்க. மூன்றாவது, தொண்டரின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்டு வாங்காத நிறுவனத்தை நம்பற்க; பிள்ளைகளைக் காக்க அறியாதவர் அவர்களுக்குக் கற்பிக்கவும் அறியார். நான்காவது, மாணவர்க்குக் கற்பிப்பதினும், உள்ளூர் ஆசிரியர் கேட்கும் உதவியைச் செய்தல் மேல்: நூல்நிலையத்தை ஒழுங்குசெய்தல், கணக்கெழுதுதல், விஞ்ஞானக் கூடத்தைச் சீர்செய்தல் போல்வன. ஐந்தாவது, செல்லவியலாதோர் தம் பயணச் செலவை ஓர் உள்ளூர் ஆசிரியையின் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் அளிப்பாராக. அது புகழ் தராது. ஆயின் முப்பதாண்டு பயன் தரும்.

நம் சங்கம் இவ்விழா நினைவாகக் கட்டடமொன்றை எழுப்பினும் எழுப்புக. அதனோடு, பின்தங்கிய பாடசாலையொன்றில் ஆசிரியர் ஒருவரைப் பயிற்றுவிக்கும் நிதியொன்றையும் நிறுவுமாயின், வருங்காலத்தார் இவ்விழாவை நன்றியுடன் நினைவர். நாவலர் பெருமான் பிறர் கொடுத்த கல்வியைப் பெற்று, அதனைத் தம் மக்களின் கையிலே ஒப்புவித்தார். நாம் எந்நாட்டுக்குச் செல்லினும், அந்நாட்டார் தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிக்கும் நாளை விரைவுபடுத்துவதே அப்பெருமானுக்குச் செலுத்தும் கடனாகும்.