இடது விரலுக்கும் வேலை உண்டு

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது சில கார்களிலிருந்து கருகிய வாடை வரும். வழிநெடுக பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அப்படித்தான். சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்காது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் 'பேடல் ஷிஃப்டர்' உள்ள ஆட்டோ ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே கதைதான். ஏற்றத்தில் உறுமல் கேட்பதற்காக மட்டும் அதைத் தட்டுகிறவர்கள் பலர். அதன் அருமை தெரிவது இறக்கத்தில்தான்.

வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு, 'மைனஸ்' குறியுள்ள இடப்பக்கத்தைத் தட்டி ஒவ்வொரு கியராக இறக்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். 'டி'யில் இருந்தபடி தட்டினால் பல கார்கள் கொஞ்ச நேரத்தில் பழையபடி தானாகவே கியர் மாற்றத் தொடங்கிவிடும். 'எம்'முக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கியரை மட்டும் இறக்கினால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது எப்படித் தெரியும்? பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டிவிட்டே இறக்குங்கள்.